ஐந்தாவது கூடத்துக்கு வெளியே நின்றவர்

கவிதாவுக்கு என் வயதில் பாதிகூட இருக்காது. ஆனால் வேலை வாங்குவதில் கெட்டிக்காரி. ஜொகூர் பாருவின் பழைய கடைத்தெருக்களில் இருக்கும் கலைக்கூடங்களை, வழிகாட்டி யாரும் இல்லாமல் அவரவரே நடந்து பார்த்துக்கொள்ளும் பாதை ஒன்று முன்பு இருந்தது. இடையில் நின்றுபோன அதை அவளும் அவள் நண்பர்களும் மறுபடி தொடங்குகிறார்கள். அதற்கு ஒரு சின்னப் புத்தகம் போடப் போகிறார்களாம்.

“ஆன்ட்டி, நீங்கதானே அந்தக் காலத்துல இந்த ரூட்டெல்லாம் நடந்து பார்த்தவங்க? நாலு பக்கம் எழுதிக் குடுங்க லா.”

“எனக்கு என்னம்மா எழுதத் தெரியும்? ஆணி அடிக்கத் தெரியும்.”

“அப்ப ஆணி அடிச்சதையே எழுதுங்க.”

ஊரார் படத்தையெல்லாம் மாட்டியே பிழைத்தவள், கடைசியில் நானே மாட்டிக்கொண்டேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலையைப் பற்றிப் பெரிதாக ஏதும் இதில் இருக்காது. என் வேலைக்காலம் முழுவதும் எனக்கு ஒரே ஓர் ஏக்கம் இருந்தது. என் வீட்டுக்காரர் ஒரு நாளாவது உள்ளே வந்து, நான் மாட்டிய சுவரைப் பார்க்க வேண்டும். அவர் வரவேயில்லை. இப்போது அவரே இல்லை. எழுத உட்கார்ந்தால் அதுதான் முன்னால் வந்து நிற்கிறது. கவிதா கோபித்துக்கொள்ளக் கூடாது.

எங்கள் வீடு மாசாயில். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் நான் இருந்தேன். கண்ணாடிச் சாமான்களைப் பெட்டியில் அடைப்பது வேலை. உடையாமல் அனுப்பத் தெரிந்த கை என்று பெயர் எடுத்தேன். பெயர் எடுத்த கையோடு தொழிற்சாலையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வேலை தேடி ஜே.பி., அதாவது ஜொகூர் பாரு டவுனில் அலைந்தபோது, ஐந்தடி நடைபாதையின் தூண் ஒன்றில் பொதிகட்ட ஆள் தேவை என்று மலாயில் எழுதி ஒட்டியிருந்தது. கடைவீடுகளின் முன்னால் கூரைக்கடியிலேயே ஓடும் நடைபாதையைத்தான் நாங்கள் ஐந்தடி என்போம். வெயிலும் படாது, மழையும் படாது. அந்த ஐந்தடியில்தான் என் மீதிக் காலம் கழியப்போகிறது என்று அன்றைக்குத் தெரியாது.

உள்ளே ஒரு சீன அம்மாள் வெறுங்காலோடு தரையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அவர்தான் மேடம் யாப். பக்கத்தில் ஒரு பீங்கான் சிற்பம் இருந்தது. “இத பேக் பண்ணு” என்றார், தமிழில். அவர் பிறந்து வளர்ந்தது செடெனாக்கில். தோட்டத்துத் தமிழ் ஆட்களுக்கு அப்பா மளிகைக் கடை வைத்திருந்ததால் தமிழ் நன்றாகவே புரியும், பேசும்போது மட்டும் மலாயும் சேர்ந்து வரும். நான் பொதிந்து கொடுத்த பெட்டியைத் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கினார். சத்தம் வரவில்லை. “நாளைக்கு வா” என்றார். அதுதான் என் நேர்முகத் தேர்வு, பயிற்சி, எல்லாம்.

பொதிகட்டப் போனவள் படம் மாட்டவும் கற்றேன். மேடத்தின் முறை விசித்திரமானது. முதலில் எல்லாப் படங்களையும் சுவரடியில் பஞ்சுத் திண்டின் மேல் சாய்த்து வைக்க வேண்டும். அளவு நாடாவைத் தொடவே கூடாது. அவர் வெறுங்காலோடு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடப்பார். வேலை செய்கிறவர்களும் செருப்பைக் கழற்ற வேண்டும், உள்ளே வருகிறவர்களும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும். செருப்புச் சத்தத்தில் படம் பேசுவது கேட்காது என்பார். கண்ணுக்குச் சரி என்று பட்ட பிறகுதான் நாடா, பென்சில், ரசமட்டம், ஆணி. மாட்டி முடித்து விளக்கையும் திருப்பி வைத்த பிறகு, நல்லாருக்கு, நல்லால்லை என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டார்.

“எசோக் தெங்கோ லாகி.”

நாளைக்கு மறுபடி பார்ப்போம் என்று அர்த்தம். சாயங்காலம் மாட்டிய படத்துக்குத் தீர்ப்பு மறுநாள் காலையில்தான். களைத்த கண்ணுக்கு எல்லாமே நேராகத் தெரியும் என்பது அவர் கட்சி. எனக்கோ உடனே தெரிந்தாக வேண்டும். எங்கள் வீட்டில் எல்லாரும் எனக்கு மூக்குமேல் கோபம் என்பார்கள். அந்தக் கோபத்தை ஒவ்வொரு சாயங்காலமும் செருப்போடு சேர்த்து மாட்டிக்கொண்டு வெளியே வருவேன்.

வெளியே எதிர்ப்பக்க ஐந்தடியில் அவர் நிற்பார். சேகரன், என் வீட்டுக்காரர். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை. விடிவதற்கு முன்பே மோட்டார்சைக்கிளில் பாலம் தாண்டிப் போய், சாயங்காலம் மறுபடி அந்த நெரிசலில் ஊர்ந்து திரும்பி, என்னை ஏற்றிக்கொண்டு மாசாய்க்குப் போவார். தினமும் எனக்கு ஒரே செய்தி வரும். வெளிய நிக்கிறேன். அதற்குமேல் ஒரு சொல் இருக்காது.

கொஞ்சம் குள்ளம் அவர். என்னைவிடக் கொஞ்சம்தான். ஆனாலும் கல்யாணத்தில் எங்கள் சொந்தக்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்தார்கள். அவர் உச்சந்தலை என் நெற்றியில் முடி தொடங்கும் இடம்வரை வரும். சேர்ந்து நடக்கும்போது நடைபாதையின் மேட்டில் அவர் ஏறிக்கொண்டு, என்னைப் பள்ளத்தில் நடக்கவிடுவார். “இப்ப சரியா இருக்கு பாரு” என்று சிரிப்பார்.

“உள்ள வாங்களேன், ஒரு நிமிஷம்” என்று எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறேன்.

“எனக்கென்ன லா தெரியும் அதெல்லாம். நீ முடிச்சிட்டு வா.”

ஒருவர் இரவும் பகலும் சமைத்துவிட்டு, வீட்டு ஆள் மட்டும் வெளியில் சாப்பிட்டுவிட்டு வந்தால் எப்படி இருக்கும்? எனக்கு அப்படித்தான் இருந்தது.

இனி பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தத் தெருக்களில் அப்போது சின்னச் சின்னதாக ஐந்து கூடங்கள் இருந்தன. முதலாவது புகைப்படம். இரண்டாவதில் களிமண் வேலை. மூன்றாவது நகைக்கடை மாடியில், துணியில் நூலால் தைத்த ஓவியங்கள். நாலாவது ஒரு சந்து, சுவரையே கூடமாக்கியிருந்தார்கள். ஐந்தாவது எங்களுடையது. தனித்தனியாக ஒருவருக்கும் கூட்டம் வரவில்லை. மேடம்தான் ஐந்தையும் ஒரே நடையாகக் கோத்தார். அதில் ஒரே ஒரு கண்டிப்பு. வழிகாட்டி கூடாது.

“பாக்கிறவங்க காதுல யாரும் பேசக் கூடாது. தானா வரணும், தானா நிக்கணும், தானா போகணும்.”

தானாக வருகிறவர் தொலைந்துபோகவும் கூடாது. அதற்கு அவர் கண்டுபிடித்த கருவி நான். சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் இறங்கும் குடிநுழைவுக் கட்டடத்துப் பக்கமிருந்து, இந்த ஊரையே அறியாதவள்போல நான் நடந்து வர வேண்டும். யாரையும் கேட்கக் கூடாது. எந்த இடத்தில் கால் தயங்குகிறதோ அந்த இடத்தை மட்டும் வந்து சொல்ல வேண்டும். தெரிந்த ஊரைத் தெரியாதவள்போல நடப்பது லேசில்லை. முதல் நாள் கால் தானாக வளையல் கடைக்குள் போய்விட்டது. “அலமாக், பட்மா! நீ வெளியூர்க்காரி!” என்று மேடம் தலையில் அடித்துக்கொண்டார். பத்மா என்ற என் பெயர் அவர் வாயில் பட்மாதான். பிறகு பழகிவிட்டது. கால் தயங்கிய ஒவ்வொரு இடத்திலும், தூணின் அடியில், குனிந்து நடக்கிறவர் கண்ணில் படும்படி உள்ளங்கை அளவில் ஒரு நீல வட்டம் ஒட்டினேன். அம்புக்குறி கிடையாது, எழுத்து கிடையாது. ஒரு வட்டத்தின் பக்கத்தில் நின்று பார்த்தால் அடுத்தது தெரியும். மழைக்காலத்தில் உரிந்துவிடும், மறுபடி நடந்து மறுபடி ஒட்டுவேன். எங்கெங்கிருந்தோ வந்த ஆட்கள் அதைப் பார்த்து எங்கள் வாசலுக்கு வந்து சேர்வார்கள். எதிர்ப்பக்கம் நிற்கிற என் ஆள் மட்டும் தெருவைத் தாண்டமாட்டார்.

ஒரு சாயங்காலம் எனக்கு இன்னும் மனதில் இருக்கிறது. பொந்தியான் கடலை மூன்று பெரிய படங்களாக ஒருவர் வரைந்திருந்தார். முதலாவதில் தண்ணீர் நிறைய. இரண்டாவதில் பாதி. மூன்றாவதில் அலை போய்விட்டது, சேறும் வானமும்தான். மூன்றையும் சம இடைவெளியில் மாட்டச் சொன்னார் மேடம். ஏணியில் நின்று மூன்றாவதை மாட்டும்போதே எனக்கு உறுத்தியது. போய்விட்ட கடல் அது, அதைக் கொஞ்சம் தள்ளித்தானே வைக்க வேண்டும்? இறங்கி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

“மேடம், அது தள்ளிப் போகணும்.”

“எசோக் தெங்கோ லாகி.”

“இப்பவே தெரியுதே.”

“எசோக்.”

விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தேன். அவர் ஒன்றும் அறியாதவர்போல ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தார். பண்டார் பாரு சிக்னலைத் தாண்டினோம்.

“என்ன, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?” என்று காற்றோடு கேட்டார்.

“உள்ள வந்து பாத்தா தெரியும்.”

“சாப்பிட்டியா நீ?”

அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். ஹெல்மெட்டுக்குள் அழுவதில் ஒரு சௌகரியம், யாருக்கும் தெரியாது. மறுநாள் காலை மேடம் வெகுநேரம் அந்த மூன்று படங்களின் முன் நின்றார். பிறகு, “போ, ஏணி எடு” என்றார். மூன்றாவது படம் தள்ளிப் போனது. எனக்கு அது பெரிய பரிசு. சொல்லிக்கொள்ளத்தான் வீட்டில் ஆள் இல்லை.

அந்த வாரங்களில்தான் அஸ்மா எங்களிடம் வந்திருந்தாள். பொந்தியான்காரி, மலாய்ப் பெண், அவளே ஒரு பழைய மோட்டார்சைக்கிளில்தான் திரிவாள். தினமும் பாலம் தாண்டுகிறவர்களின் பழைய ஹெல்மெட்டுகளை வாங்கி ஒரு படைப்பு செய்ய வேண்டும் என்றாள். ஒவ்வொரு ஹெல்மெட்டையும் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டும். பார்க்க வருகிறவர் அதற்குள் தலையை நுழைத்தால், அதைப் போட்டிருந்தவரின் குரல் கேட்க வேண்டும். நெரிசலில் நிற்கும்போது ஹெல்மெட்டுக்குள் நீங்கள் நினைப்பதைச் சொல்லுங்கள் என்று ஒலிப்பதிவுக் கருவி கொடுப்பாளாம். தமிழோ, மலாயோ, சீனமோ, நேப்பாளியோ, அவரவர் பாஷையில். மொழிபெயர்ப்பு கிடையாது. காதில் யாரும் பேசக் கூடாது என்று சொன்ன மேடம் இதற்கு மட்டும் எப்படியோ ஒப்புக்கொண்டார்.

“வெளிய ஒருத்தர் நிக்கிறாரு பாரு, அவர கேளு” என்று விளையாட்டாகச் சொன்னேன். அவள் நிஜமாகவே போய்க் கேட்டாள். அவர் கருவியை வாங்கிச் சில நாள் வைத்திருந்துவிட்டு, தன் சிவப்பு ஹெல்மெட்டோடு திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“பத்மா, மத்தவங்களோடத கேட்டுக்க. என்னோடத மட்டும் கேக்காத.”

“ஏன்?”

“வெக்கமா இருக்கு லா.”

“நீங்க என் வேலைய பாக்கமாட்டீங்க. நா எதுக்கு உங்க வேலைய கேக்கணும்?” என்றேன். கேட்கவேயில்லை. ரோஷம் என்றால் ரோஷம்.

என் வேலைக்காலத்திலேயே கடினமான காரியம் அந்த ஹெல்மெட்டுகளைத் தொங்கவிட்டதுதான். பழைய கடைவீட்டு மர உத்தரம் அது, எங்கே தொட்டாலும் பொடி உதிரும். ஆணி அடிக்க வழியில்லை. உத்தரத்தைச் சுற்றித் துணிப்பட்டை கட்டி, அதிலிருந்து மீன் தூண்டிலுக்குப் போடும் நைலான் நரம்பை இறக்கினோம். ஒற்றை நரம்பில் தொங்கினால் விசிறிக் காற்றில் ஹெல்மெட் சுழன்றது. இரண்டில் ஊஞ்சலாடியது. மூன்று நரம்பு முக்கோணமாகக் கட்டியதும்தான் அசையாமல் நின்றது. முடிச்சு ஒவ்வொன்றும் தனியாகக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற முடிச்சு. தொழிற்சாலையில் பெட்டி கட்டியபோது கற்றது, அங்கே கைகொடுத்தது.

அதைவிடப் பெரிய சிக்கல் உயரம். எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் தொங்கவிடலாம் என்றேன் நான், ரசமட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். அஸ்மா மறுத்துத் தலையாட்டி, மலாயில் சொன்னாள். காக் என்றால் அக்கா.

“இல்ல, காக் பட்மா. அவங்கவங்க உயரத்துல தொங்கணும். உயரமான ஆளோடத கேக்கணும்னா எம்பிக் கேக்கணும். குள்ளமான ஆளுன்னா குனியணும். அந்த மனுசன் நின்ன இடத்துக்கு நாம போகணும்.”

மேடத்தின் கண் அன்று மின்னியதைப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட்காரர்கள் எல்லாரையும் வரவழைத்தோம். ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் இடத்தில் நேராக நின்றார்கள். நான் ஏணிமேல் நின்று, ஹெல்மெட் அவர்கள் தலையில் தானாக உட்காரும்வரை நரம்பை மெல்ல மெல்ல இறக்கி முடிச்சுப் போட்டேன். சிலர் சிரித்தார்கள். ஒரு நேப்பாளிப் பையன் சாமி கும்பிடுவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டான். கட்டி முடித்ததும் தலையைக் குனிந்து வெளியே வந்து, தான் இல்லாமல் தன் உயரத்தில் நிற்கும் ஹெல்மெட்டை ஒவ்வொருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சேகரன் வரவில்லை. ஓவர்டைம் என்றார். எனக்குத் தெரியும், ஓவர்டைம் இல்லை.

“அளவு?” என்று கேட்டார் மேடம்.

“எனக்குத் தெரியும்” என்றேன்.

அஸ்மாவை ஏணியில் ஏற்றிவிட்டு, அவருடைய இடத்தில் நான் போய் நின்றேன். சிவப்பு ஹெல்மெட் இறங்கி வந்தது. அதன் உட்புற உச்சி, நெற்றியில் என் முடி தொடங்கும் இடத்துக்கு வந்ததும், “போதும், கட்டு” என்றேன். எத்தனை வருஷம் பக்கத்தில் நின்றிருக்கிறேன், அந்த அளவுக்கு நாடா எதற்கு? கட்டிய பிறகு அதற்குள் தலையை விட வேண்டுமானால் நான் முழங்காலைக் கொஞ்சம் மடக்க வேண்டும். மடக்கவில்லை.

தினமும் காலையில் ஒவ்வொரு ஹெல்மெட்டிலும் பேட்டரி மாற்றி, குரல் வருகிறதா என்று காதை வைத்துப் பார்ப்பது என் வேலை. சிவப்பை மட்டும் மேடத்திடம் விட்டுவிட்டேன். அவர் அதற்குள் தலையை விட்டால் வெளியே வர நேரமாகும். ஒரு நாள் வெளியே வந்து, வேர்க்கடலையை உரித்துக்கொண்டே சொன்னார்.

“பட்மா, உன் வீட்டுக்காரருக்கு நல்ல கண்ணு.”

“யாரு, அவரா? உள்ள வந்து ஒரு படம் பாத்ததில்ல மேடம்.”

மேடம் இன்னொரு கடலையை உரித்து என் கையில் வைத்தார்.

கண்காட்சி முடிந்து ஹெல்மெட்டுகளை வெளிநாட்டில் யாரோ வாங்கிவிட்டார்கள். பொதிந்தது நான்தான். சிவப்பு ஹெல்மெட்டையும் மற்றதைப்போலவே பஞ்சு சுற்றி, பெட்டியில் இறக்கி, குலுக்கிப் பார்த்து மூடினேன். மனதில் ஒன்றும் தோன்றவில்லை. ஏன் தோன்ற வேண்டும்? குரலுக்குச் சொந்தக்காரர்தான் வெளியே ஐந்தடியில் நிற்கிறாரே.

பிறகு நடந்ததெல்லாம் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். மேடத்துக்கு வயதாகிக் கூடத்தை மூடினார், கடைவீடு சாப்பாட்டுக் கடை ஆனது. நானும் வேலையை விட்டேன். சேகரனும் ஓய்வு பெற்றார். நிறைய ஊர் சுற்ற வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தோம். நுரையீரலில் என்னவோ என்றார்கள், சீக்கிரமே போய்விட்டார்.

அவர் போன பிறகுதான் ஒன்று தெரிந்தது. வீட்டில் அவர் குரல் எங்கேயும் இல்லை. கல்யாண வீடியோவில் நாதஸ்வரச் சத்தம்தான் கேட்கிறது. கைபேசியில் நூற்றுக்கணக்கான செய்தி கிடக்கிறது, எல்லாம் எழுத்து. வெளிய நிக்கிறேன். வெளிய நிக்கிறேன். படிக்கத்தான் முடிந்தது. பேச்சுக்குப் பேச்சு அவர் “லா” என்று இழுக்கிற இழுப்பு எப்படி இருக்கும் என்று ஒரு நாள் யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. அன்றைக்குச் சமைக்கவில்லை. கடல் தாண்டி எங்கேயோ ஒரு பெட்டிக்குள், என் கையாலேயே பஞ்சு சுற்றிய அந்தக் குரல் இருக்கிறது என்பதை நினைத்து நினைத்து ஏங்கினேன்.

போன மாதம் கவிதா கூப்பிட்டாள். மேடத்தின் பழைய கடைவீட்டையே வாடகைக்கு எடுத்திருக்கிறார்களாம். பாதையின் ஐந்தாவது கூடம் மறுபடி அதே இடத்தில். முதல் கண்காட்சிக்கு அஸ்மா தன் ஹெல்மெட்டுகளை வெளிநாட்டில் வாங்கியவர்களிடமிருந்து இரவல் வாங்கி வருகிறாளாம். உயரமெல்லாம் பழைய உயரமேதான், அவளே பக்கத்தில் நின்று மாட்டுகிறாள்.

உடனே செடெனாக்கில் மகனோடு இருக்கும் மேடத்துக்குப் போன் போட்டேன்.

“மேடம், கேக்காதேன்னு சொல்லிட்டு போயிட்டாரு. கேக்கலாமா?”



“பட்மா, அன்னிக்கி கேட்டிருந்தா, சாயங்காலம் உன் மூஞ்சிய பாக்க அவருக்கு வெக்கம். இப்ப யாரு வெக்கப்பட போறா? போ லா.”

“நீங்க கேட்டீங்கல்ல. என்ன சொல்றாரு?”

“காதுல யாரும் பேசக் கூடாது” என்றார் அந்தக் கிழவி, சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டார்.

போன வாரம் போனேன். வண்டியில் நேராக இறக்கிவிடுகிறேன் என்று கவிதா சொன்னதற்கு ஒப்பவில்லை. குடிநுழைவுக் கட்டடத்துப் பக்கமிருந்து வெளியூர்க்காரிபோல நடந்தேன். இப்போது வழியெல்லாம் கைபேசியிலேயே தெரிகிறது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு பெண் குரல் விளக்கம் சொல்கிறது. அதை அணைத்துவிட்டேன். ஆனால் தூணின் அடியில் நீல வட்டத்தையும் மறக்காமல் ஒட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். புகைப்படம் இருந்த இடத்தில் இப்போது வேறொருவரின் புகைப்படம். களிமண் இருந்த இடத்தில் காப்பிக் கடை. சந்துச் சுவரில் புது ஓவியம். ஐந்தாவது வாசலில் செருப்பைக் கழற்றும்போது என்னையறியாமல் எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். அங்கே யாரோ ஒருவர் வண்டியில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிவப்பு ஹெல்மெட் நிறம் வெளுத்திருந்தது. மாசாய் முச்சந்தியில் அவர் வண்டியோடு விழுந்தபோது பட்ட கீறல் அப்படியே இருந்தது. கிட்டப் போய் முகர்ந்து பார்த்தேன். அவர் தலை எண்ணெய் வாசம் இல்லை, அட்டைப்பெட்டி வாசம்தான். குனிய வேண்டுமே என்று முழங்காலைத் தயார் பண்ணிக்கொண்டு அடியில் நுழைந்தேன். குனிய வேண்டியிருக்கவில்லை. நேராக நின்றேன், ஹெல்மெட் என் தலையில் சரியாக உட்கார்ந்தது. வயது என்னை அவர் உயரத்துக்குக் குறைத்திருந்தது. இனி மேடும் வேண்டாம், பள்ளமும் வேண்டாம்.

“ஹலோ… ஓடுதா இது? சிவப்பு லைட்டு எரியுது, சரி. எம்பேரு சேகரன், மாசாய். ஜாம்ல என்ன நெனப்பீங்கன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. ஜாம்ல என்னத்த நெனைக்கிறது, எப்படா நகரும்னுதான் லா. நா நெனைக்கிறதெல்லாம் ஜாம் முடிஞ்சப்புறம்தான். வண்டிய மார்க்கெட்டுகிட்ட போட்டுட்டு நடப்பேன். தூணு அடில நீல வட்டம் இருக்கும், அத பாத்துக்கிட்டே போனா வழி தெரியும். எம் பொண்டாட்டி ஒட்டுனது. ஒன்னுகூட கோணலா இருக்காது. முதல்ல போட்டோ கடை. கண்ணாடி வழியா பாப்பேன். அடுத்தது களிமண்ணு, என்னன்னு புரியல, ஆனா நல்லாருக்கு. நகைக்கடை மாடிய கீழருந்து பாத்தா பாதி துணிதான் தெரியும். அப்புறம் சந்து. கடைசியா இங்க. தெனம் ஒரு ரவுண்டு. அவளுக்குத் தெரியாது, இப்பதான் வந்தேன்னு நெனச்சிக்கிட்டு இருப்பா.

உள்ள வாங்கன்னுதான் கூப்புடுறா. எப்டி போறது? பூட்ஸ கழட்டணும். சாக்ஸ்ல ஓட்ட, வெல்டிங் நாத்தம் வேற. மேடம் முன்னால அவளுக்கு மானம் போயிடும். எதாச்சும் கேட்டு, நா தப்பா சொல்லிட்டா? இங்கருந்தே நல்லா தெரியுது.

இப்ப ஏணி மேல நிக்கிறா. பெரிய படம், மூணு. கடல் மாதிரி இருக்கு. அந்த மூணாவது கொஞ்சம் தள்ளிப் போகணும் லா, தண்ணியே இல்லாத கடலு, அத எதுக்கு ஒட்டி வெக்கிறாங்க? ஆங், எறங்கிட்டா. இடுப்புல கைய வெச்சிட்டா. அவளுக்கும் தெரிஞ்சிருச்சு. இடுப்புல கைய வெச்சா பிடிக்கலன்னு அர்த்தம், வீட்டுல கொழம்புல உப்பு கூடுனாலும் அப்டிதான். மேடம் கேக்கல போலருக்கு. நாளைக்கு கேப்பாங்க, கேக்காம எங்க போவாங்க.

லைட்ட அணைக்கிறாங்க. வரா. மூஞ்சி சரியில்ல. நா எதயும் பாக்காத மாதிரி நின்னுக்கிறேன். சரி, வெக்கிறேன்.”

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு மறுபடி, “ஹலோ… ஓடுதா இது?”

எனக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். வரிசை நின்றிருந்தது. “ஆன்ட்டி, முடிஞ்சிருச்சா?” என்று கவிதா மெதுவாகக் கேட்டாள். நான் வெளியே வரவில்லை. எனக்காக ஒருவர் அந்த ஐந்தடியில் எத்தனை சாயங்காலம் காத்துக்கொண்டு நின்றார்! இவர்களும் கொஞ்சம் நிற்கட்டும்.